எண்பது சுற்று

ஆண்டிச்செவலுக்கும் வெள்ளரந்தைக்கும் நடுவே இன்னும் முப்பத்தொரு கிலோமீட்டர் இருந்த காலத்தில், ஆண்டிச்செவலின் கடைசித் தெருவில், மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையில், உலகம்மாள் ஒரு சின்ன நூல் மில் நடத்தி வந்தாள். அவளுக்கென்று அந்த மில் இருந்தது, ஒரு தகரப் பெட்டி இருந்தது, வெள்ளரந்தையில் ஒரு புருஷன் இருந்தான். முதல் இரண்டைத்தான் அவள் தன்னுடையவை என்று நினைத்தாள். மூன்றாவதிடமிருந்து அவளைப் பிரித்து வைத்தது கோர்ட்டும் அல்ல, பஞ்சாயத்தும் அல்ல. அந்த முப்பத்தொரு கிலோமீட்டர்தான். சட்டப் புத்தகம் எதிலும் இப்படியொரு விவாகரத்து சொல்லப்படவில்லை என்றாலும், பதினோரு வருஷமாக அது செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் அய்யாத்துரை குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். வெள்ளரந்தையில் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் அவனைப் பற்றிக் கேட்டால் தங்கமான ஆள் என்பார்கள். அவனிடம் இருந்த ஒரே வழக்கம், வெளியே கிளம்பும்போதெல்லாம் வீட்டை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது. உள்ளே உலகம்மாள் இருப்பாள். "களவு போயிருச்சுன்னா?" என்பான். எது களவு போகும் என்று அவன் ஒருநாளும் விளக்கியதில்லை. அந்த வீட்டில் களவாளி தொடத்தக்கவை ஒரு பித்தளை அண்டாவும் அவளும்தான். ஏழு வருஷம் கழித்து ஒரு காலையில், வயிற்றுப்போக்கின் அவசரத்தில் அவன் பூட்ட மறந்து காட்டுப் பக்கம் ஓடியபோது, அவள் மாமனார் பேர் எழுதிய பச்சைத் தகரப் பெட்டியில் நாலு சேலையைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டில் "அம்மா வீட்டுக்குப் போறேன், பத்து நாள்ல வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, பச்சை மினி பஸ்ஸில் ஏறி, அது எங்கே இதற்குமேல் போகாது என்று நின்றதோ அங்கே இறங்கினாள். அந்த இடம் ஆண்டிச்செவல்.

அய்யாத்துரை தேடி வரவில்லை. முப்பத்தொரு கிலோமீட்டர் குலுங்கிப் போய்த் திரும்ப ஒரு நாள் ஆகும்; அந்த ஒரு நாள் வீட்டை யார் பார்த்துக்கொள்வது? கேட்டவர்களிடம் எல்லாம் "பத்து நாள்ல வந்துருவா" என்றே பதினோரு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

உலகம்மாள் கல்யாணத்துக்கு முன்னால் பெரிய மில்லில் ஒன்பது வருஷம் அறுந்த நூலை முடிந்தவள். அந்தக் கையை நம்பித்தான், பெரிய மில்கள் இழை குட்டை என்று தீண்டாத கருங்கண்ணிப் பருத்தியை வாங்கி, பழைய இயந்திரங்களைக் கழிவு விலைக்கு எடுத்து, பஞ்சை அடித்துச் சிக்கெடுத்துத் திரியாக்கி முறுக்கி, இருபதாம் நம்பர் நூலாக நெசவாளர் சங்கத்துக்கு அனுப்பினாள். ஒன்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். கேட் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். அதற்குப் பூட்டே வாங்கவில்லை.

தினமும் காலை பதினோரு மணிக்கு அவள் நூலைச் சோதிப்பாள். ஒன்றரை கெஜம் சுற்றளவுள்ள ஒரு சக்கரத்தில் அன்றைய நூலை எண்பது சுற்றுச் சுற்றினால் நூற்றிருபது கெஜம். அதை அறுத்துச் சின்னத் தராசில் வைத்தால் மூன்றேகால் கிராம் இருக்க வேண்டும். இருந்தால் இருபதாம் நம்பர். கூடினால் நூல் தடிமன், குறைந்தால் மெலிவு. சோதித்த நூலைக் கழிவில் எறிவதுதான் உலக வழக்கம். உலகம்மாள் எறிய மாட்டாள். பெரிய மில்லில் ஒருநாள் அவள் எடுத்துக் கொடுத்த சாம்பிளை மேஸ்திரி தொலைத்துவிட்டு, அவள் எடுக்கவே இல்லை என்று சாதித்தான். அன்றிலிருந்து அவள் எடுத்த சாம்பிளுக்கு அவளே சாட்சி. ஒவ்வொன்றையும் சிறு சிட்டமாக முறுக்கி, தேதிச் சீட்டு கட்டி, பச்சைத் தகரப் பெட்டிக்குள் போட்டு, வருஷம் முடிந்து ஆயுதபூசை அன்றுதான் பழையதைக் கொட்டுவாள்.

அப்படியொரு ஆயுதபூசைக்குத் துடைத்தபோது சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் மீட்டர் கையோடு வந்துவிட்டது. மெக்கானிக் மரியசூசை ஒரு வாரம் புதிய மீட்டர் தேடி, கிடைக்காமல், பழைய பச்சை மினி பஸ்ஸை உடைத்துக் காயலான் கடையில் போட்டிருந்ததிலிருந்து அதன் கிலோமீட்டர் பெட்டியைக் கழற்றி வந்து பல்சக்கரம் மாற்றிப் பொருத்தினான். "எண்ணுறது எண்ணத்தான் செய்யும்கா. பஸ் சக்கரம்னா என்ன, நூல் சக்கரம்னா என்ன" என்றான். அந்த மீட்டர் இருபத்திரண்டு வருஷம் ஆண்டிச்செவல் – வெள்ளரந்தை சாலையைத் தவிர வேறெதையும் எண்ணியதில்லை என்பதும், அதற்கு வேறெதையும் எண்ணத் தெரியாது என்பதும் அப்போது யாருக்கும் தோன்றவில்லை. காரணம் என்று பார்த்தால் இவ்வளவுதான்.

அன்றிலிருந்து, உலகம்மாள் எண்பது சுற்றுச் சுற்றி நூலை அறுக்கும் ஒவ்வொரு பதினோரு மணிக்கும், சாலையில் நூற்றிருபது கெஜம் குறைந்தது.

முதலில் கண்டவன் புதிய மினி பஸ்ஸின் கண்டக்டர் வெள்ளைச்சாமி. பஸ் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததற்கு டிரைவரைத் திட்டினான். டிரைவர் அவனுடைய கைக்கடிகாரத்தைத் திட்டினான். இருவரும் ஒரு மாதம் பேசாமல் இருந்து பார்த்தும் பஸ் இன்னும் சீக்கிரமாகவே சேர்ந்தது. பிறகு மைல்கற்களைப் பார்த்தார்கள். பதினேழும் பதினெட்டும் முதுகு சொறிந்துகொள்ளும் மாடுகள் மாதிரி ஒட்டி நின்றன. ஆனால் நடுவில் இருந்த நிலம் எங்கும் போய்விடவில்லை. சேலையைக் கொசுவம் மடித்துச் செருகினால் துணி குறைவதில்லை அல்லவா, அதுபோல, சாலையை விட்டு இறங்கினவனுக்குச் சீமைக்கருவேலங்காடு முன்போலவே பரந்து கிடந்தது. ஆடு மேய்ப்பவன் அதே ஓடையில் அதே வெயிலில் நின்றான். சாலையோடு போகிறவனுக்கு மட்டும் அதெல்லாம் ஒரு மடிப்புக்குள் அடங்கியிருந்தது.

இதற்கெல்லாம் ஆச்சரியப்பட ஆண்டிச்செவலுக்கு நேரம் இல்லை. முதலில் மழையைச் சந்தேகித்தார்கள், பிறகு ஒப்பந்தக்காரரை. தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் ஒருவர் சங்கிலியோடு வந்தார், மூன்று நாள் அளந்தார், இருபத்து நான்கே வந்தது. "ரிக்கார்டு பிரகாரம் முப்பத்தொண்ணு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முப்பத்தொன்றுக்கே பயணப்படியும் வாங்கிக்கொண்டு போனார். பஸ்ஸில் பதினான்கு நிறுத்தத்துக்கும் பேர் சொல்ல வேண்டும் என்பது விதியாகையால் வெள்ளைச்சாமி "ரயில்வேகேட்டு மொட்டைக்கிணறு காத்தாடி கருப்பங்கோயில் கம்மாக்கரை" என்று ஒரே மூச்சில் கத்தப் பழகினான். நடுவில் இறங்குகிறவர்கள் பேர் காதில் விழுமுன்பே குதிக்கப் பழகினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கின. வெள்ளரந்தையில் கட்டிக்கொடுத்த பெண்கள் மத்தியானக் குழம்புக்குப் புளி வாங்கத் தாய் வீட்டுக்கு வந்து போனார்கள்.

உலகம்மாள் பஸ் ஏறுவதே இல்லை என்பதால், இதையெல்லாம் பிறர் பேச்சில்தான் கேட்டாள். கேட்கும்போதெல்லாம் இடதுகையால் சேலை முந்தியை முறுக்கினாள். சாலைக்கும் தன் சக்கரத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் பாக்கியத்தாய்.

பாக்கியத்தாய் மில்லில் மூத்தவள். ஒரு வெள்ளிக்கிழமை பூக்கட்ட நார் இல்லாமல், பெட்டியிலிருந்து ஒரு சாம்பிள் சிட்டத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போனவள் தெருவாசலில் கால் வைத்தாள். அடுப்படிக்குப் போய்ச் சேர நூற்றிருபது கெஜம் நடந்தாள். வீடு அதே வீடுதான், அதே இரண்டு அறைதான், நடுவில் மட்டும் தூரம் இருந்தது. புருஷன் மோர் கேட்டுக் கத்தினால் கிணற்றுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ கூப்பிடுவது மாதிரிக் கேட்டது. சோறு கொண்டுபோய் வைப்பதற்குள் ஆறியது. திங்கட்கிழமை சிட்டத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் எறிந்தாள்.

"இந்தா உலகு, உன் சனியன நீயே வச்சுக்கோ."

"என்ன மதினி, பூ கட்டலியா?"

"கட்டுனேன். சாமிக்குப் போட ரெண்டு நிமிசம் நடந்தேன்." நடந்ததைச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையே கொண்டாந்திருக்கலாமே?"

பாக்கியத்தாய் கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். பிறகு, "எங்க மாமியா பேச்சு ரெண்டு நாளா காதுல விழலத்தா" என்றாள். "அதான் கொஞ்சம் யோசிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். உலகம்மாள் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து தேதிச் சீட்டுகளை எண்ணினாள். ஒவ்வொன்றுக்கும் நூற்றிருபது கெஜம் போட்டுப் பெருக்கினாள். வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டு சாலை இப்போது எவ்வளவு என்று கேட்டாள். எட்டரை என்றான். சரியாக இருந்தது. மில்லுக்குள் இருக்கும்வரை அது சாம்பிள். தனதென்று எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது தூரம்.

அந்த வாரக் கடைசியில் வெள்ளைச்சாமி போகிற போக்கில் சொன்னான்: "அக்கா, வெள்ளரந்தையில ஒரு ஆளு தெனம் வந்து கேக்கான். ஆண்டிச்செவலுக்கு இப்ப எத்தன நிமிசம்னு. ஏறுங்களேன் அண்ணாச்சின்னா, இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும்ங்கான்."

உலகம்மாள் மறுநாளிலிருந்து சக்கரத்தைத் தொடவில்லை. நூலைக் கெஜக்கோலால் அளந்தாள். கை வலித்தது, மணி பன்னிரண்டு ஆனது, ஆனால் சாலை எட்டு கிலோமீட்டரில் அப்படியே நின்றது. அவளுக்கு ராத்தூக்கம் திரும்பி வந்தது. இப்படி ஒன்பது வேலை நாள் கழிந்தது.

பத்தாவது நாள் பாக்கியத்தாயின் மருமகளுக்கு வலி கண்டது, நாளுக்கு முந்தி. மினி பஸ்ஸிலேயே ஏற்றினார்கள். குழந்தை ஆஸ்பத்திரி வாசலுக்குச் சற்று முன்னால், பஸ்ஸிலேயே பிறந்தது, கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, அழவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, ரெண்டு நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம் என்றார். டாக்டர்கள் எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் ஒன்பது நாள், நாளுக்கு நூற்றிருபது கெஜம், மொத்தம் ஒரு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு மினி பஸ் எடுக்கும் நேரம் இரண்டு நிமிஷம். இந்தக் கணக்கை மில்லில் இரண்டு பேர்தான் போட முடியும். இரண்டு பேருமே போட்டார்கள்.

பாக்கியத்தாய் ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். பதினோரு மணி ஆனதும் நேரே போய்ச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, நூல் முனையைக் கட்டி, எண்பது சுற்றுச் சுற்றி, அறுத்து, தராசில் வைத்து, உலகம்மாளின் முகத்தைப் பார்க்காமல், "மூணேகால்" என்றாள். உலகம்மாள் தேதிச் சீட்டு எழுதினாள்.

பிறகு விஷயம் ஊருக்குத் தெரிந்தது. மரியசூசை டீக்கடையில் தன் கைத்திறனைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ஊர்த்தலைவர் இராமானுஜ ரெட்டியார் தலைமையில் பெரியவர்கள் மில்லுக்கு வந்தார்கள். பதினோரு மணிக்குச் சக்கரம் சுற்றுவதை, பொங்கல் வைக்கும்போது பானை பொங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி, கைகட்டி நின்று பார்த்தார்கள்.

"ஏம்மா, தெனம் ரெண்டு தடவ சுத்துனா ஆகாதா?" என்றார் ரெட்டியார்.

"ஒரு நாளுக்கு ஒரு சாம்பிள்தான் அய்யா. அதுதான் முறை."

"முறைன்னா சரி. நிறுத்திப்புடாத தாயி. பிள்ளத்தாச்சிக இருக்காக ஊர்ல."

நிறுத்த மாட்டேன் என்று அவள் சொன்னாள். சொல்லும்போது பாக்கியத்தாய் இருந்த பக்கம் திரும்பவில்லை.

ஆனால் ஒரு விஷயம் உண்டு. கூட்டமாக வந்து நிறுத்தாதே என்றவர்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக வந்து கேட்டில் நின்றார்கள். கோயில் பூசாரி, வெள்ளரந்தைக் கோயிலுக்கு ஜனம் போய்விடுகிறது என்றார். முத்துமாரி என்ற புது மருமகள், தாய்வீடு கிட்டே வந்துவிட்டதால் கோபித்துக்கொண்டு போனால் யாரும் மதிப்பதில்லை, சாயங்காலமே கூட்டி வந்துவிடுகிறார்கள் என்று அழுதாள். கடைசியில் ரெட்டியாரே வந்தார். தொண்டையைச் செருமினார். "சம்பந்தி தெனம் காப்பிக்கு வந்துடுதாருமா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுத்த முடியுமா?" எல்லோருக்கும் யாரிடமிருந்தாவது சிறிது தூரம் வேண்டியிருந்தது, யாருக்கும் அதை வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. உலகம்மாள் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். அவளுக்கு வேண்டிய தூரத்தைப் பற்றி அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து கிலோமீட்டர். மூன்று. ஒன்றரை. பஸ் இரண்டாவது கியருக்குப் போகுமுன் ஊர் வந்தது. வெள்ளரந்தையின் தண்ணீர்த் தொட்டி மில் ஜன்னலில் கட்டைவிரல் அளவு தெரிந்து, பிறகு கை அளவு தெரிந்து, பிறகு அதில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்தது. உலகம்மாள் ஜன்னலுக்குச் சாக்கு கட்டினாள். பஞ்சுத் தூசிக்காக என்றாள்.

இருநூற்று எழுபத்தெட்டாவது சாம்பிளை எடுத்த அன்று இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கூப்பிடு தூரம்தான் மிச்சம். மறுநாள் காலை, தோளில் துண்டும் காலில் புதுச்செருப்புமாக அய்யாத்துரை நடந்தே வந்தான். தலை நரைத்திருந்தது. மற்றபடி அதே ஆள்தான். கேட்டில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

"பத்து நாள்னுட்டு வந்தியே" என்றான், கோபமே இல்லாமல்.

உலகம்மாளின் கையிலிருந்த திரி அறுந்தது. அவள் அதை முடிந்தாள். நூல் முடிகிற விரல்கள் நடுங்கக்கூடாது என்று பழகியவை.

"வரமாட்டேன். நீங்க போங்க."

"போறதென்ன, பக்கந்தான?" என்றான். உள்ளே வந்து, முற்றத்துப் பந்தலடியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மில்லை நாலுபக்கமும் பார்த்தான். எதுவும் சத்தம் போடவில்லை, யாரையும் வையவில்லை. இயந்திரங்களை எண்ணினான், பெண்களை எண்ணினான். "கேட்டு இப்படித் தொறந்து கெடக்கே, களவு போயிராதா?" என்று பாக்கியத்தாயிடம் விசாரித்தான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு, டீக் குடிக்கக் கடைக்குப் போனவன், போகும்போது மடியிலிருந்து பூட்டை எடுத்துக் கேட்டில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனான். பத்துப் பெண்கள் உள்ளே. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பதினோரு மணிக்குப் பஞ்சு வண்டி வந்து கேட்டை உலுக்கியபோதுதான் கவனித்தார்கள். அவன் இரண்டு டீயும் ஒரு வடையும் முடித்துவிட்டு, பேப்பரும் பார்த்துவிட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்து திறந்தான். உள்ளே கூச்சல்.

"எவன்டா அவன் பூட்டுனது? நாங்க என்ன ஆடா மாடா?" என்று பாக்கியத்தாய் கையை ஓங்கிக்கொண்டு போனாள்.

அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. "நல்லதுக்குத்தானம்மா பூட்டுனேன்" என்றான். "உள்ள இம்புட்டுப் பேர் இருக்கீகள்ல."

உலகம்மாள் கத்தவில்லை. அவள் சுவரோடு சாய்ந்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட் பூட்டியிருந்த அந்த அரை மணி நேரமும் அவளுக்கு, வெள்ளரந்தை வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று இருந்த முப்பத்திரண்டு வயதாக இருந்தது.

ரெட்டியார் வந்தார், இரண்டு மூன்று பெரியவர்கள் வந்தார்கள். பந்தலடியில் பேச்சு நடந்தது. பொம்பளை வரமாட்டேன் என்கிறாள், ஆம்பளை போகமாட்டேன் என்கிறான். இரண்டு ஊரும் ஒரே ஊராகிவிட்ட பிறகு யாரை எங்கே விரட்டுவது? கடைசியில் ரெட்டியார் சொன்னார்: "ஏம்பா, அவ பதினோரு வருசமா சொந்தக் கால்ல நிக்கா. நீ இங்கன வந்து உக்காந்தா நல்லா இல்ல. உனக்கு என்ன சேர வேண்டியது இருக்கோ சொல்லு, வாங்கிட்டுப் போ."

அய்யாத்துரை யோசித்தான். இத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு எழுந்து போவது எப்படி? சுற்றிப் பார்த்தவன் கண்ணில் சக்கரத்துக்குக் கீழே இருந்த பச்சைத் தகரப் பெட்டி பட்டது. மூடியில் மு. வேலாண்டி என்று அவன் அப்பன் பேர் அழியாமல் இருந்தது.

"அது எங்கப்பன் பொட்டி" என்றான். "பொஞ்சாதி வரலன்னா பொட்டியாச்சும் வரணும்ல?"

"நியாயந்தான்" என்றார் ரெட்டியார், இவ்வளவோடு முடிந்ததே என்ற நிம்மதியில்.

அவன் போய்ப் பெட்டியைத் தூக்கினான். லேசாக இருந்தது. இருநூற்று எண்பது சிட்டம், ஒவ்வொன்றும் மூன்றேகால் கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. எல்லாம் சேர்த்துச் சரியாக இரண்டு பவுண்டு. ஆண்டிச்செவல் சாலையின் மொத்த எடை அவ்வளவுதான்.

"என்ன, காத்தா இருக்கு? உள்ள என்ன வச்சிருக்க?"

"சாம்பிள்" என்றாள் உலகம்மாள். பிறகு, "அதத் தூக்காதீங்க. கொண்டுபோறவகளுக்கு ஆகாது" என்றாள்.

"எங்கப்பன் பேரு போட்ட பொட்டி எனக்கு ஆகாதா?" என்று சிரித்தான். கேட்டில் தொங்கிய பூட்டைப் போய்க் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தான், வழியில் களவு போய்விடக்கூடாதே என்று பெட்டியில் மாட்டிப் பூட்டினான், இழுத்துப் பார்த்தான், சாவியை இடுப்பில் செருகினான், பெட்டியைத் தோளில் வைத்தான்.

சக்கரத்திலிருந்து கேட் வரைக்கும் இருபத்திரண்டு எட்டு. அவன் நடந்தான். ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இரண்டாவது தடவை சொல்ல உலகம்மாளுக்கு இருபத்திரண்டு எட்டு அவகாசம் இருந்தது. ஒன்பது பெண்களுக்கும் இருந்தது. பாக்கியத்தாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒருத்தி தரையில் கிடந்த பஞ்சைப் பொறுக்கினாள். உலகம்மாள் அவன் செருப்பின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டைத் தாண்டி அவன் சாலையில் கால் வைத்தான்.

நாலு நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டியவன் இருட்டும்வரை சாலையில் தெரிந்தான் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அவன் பக்கத்திலேயே வெள்ளரந்தைக்குப் போகிறவர்கள் போனார்கள், வந்தார்கள். அவன் மட்டும் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, ஒரு முழம், ஒரு சாண், ஒரு விரல் என்று சிறுத்துக்கொண்டே போனான். மறுநாள் பொழுது சாயத்தான் வீடு சேர்ந்தான். இப்போதும் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் போய்ப் பார்க்கலாம்: இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் சந்து, அந்தச் சந்தின் கோடியில், வெயில் அலையாடுகிற தூரத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு வீடு. தபால்காரர் முதலில் சைக்கிளில் முயன்றார்; பிறகு "விலாசதாரர் தொலைவில் உள்ளார்" என்று எழுதித் திருப்பி அனுப்பத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்தில் ஆட்டைக் கட்டினார்கள். தெருவிலிருந்து தெருவுக்கும், ஊரிலிருந்து ஊருக்கும் தூரம் கூடவில்லை. எடுத்துக்கொண்டு போனவனிடம் மட்டும் அது இருந்தது.

உலகம்மாள் மரியசூசையை அழைத்து மீட்டரைக் கழற்றச் சொன்னாள். ஊரில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. சம்பந்திகள் இதற்குமேல் நெருங்குவதை யாரும் விரும்பவில்லை. பதினோரு மணிக்கு அவளே வாயால் எண்ணிச் சுற்றினாள், தராசில் வைத்தாள், சாம்பிளைக் கழிவில் எறிந்தாள். ஜன்னல் சாக்கை அவிழ்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உப்புப் போடும்போதெல்லாம் அங்கே உப்புக்கு என்ன செய்வான் என்று ஒரு எண்ணம் வந்தது. பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்தால் போதும். அதை அவனிடம் யாராவது சொன்னால் போதும். சொல்வதற்கு முப்பது கிலோமீட்டர் போக வேண்டும்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓடத் தூரமில்லாமல் நின்றுபோன பஸ்ஸின் கண்டக்டரான வெள்ளைச்சாமியை அழைத்து, இரண்டு படி அரிசியும் உப்பும் புளியும் கொடுத்து, சொல்ல வேண்டியதையும் சொல்லி அனுப்பினாள். அவன் விடியற்காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தவன் மறுநாள் பதினோரு மணிக்கு மில்லுக்கு வந்தான். முகமெல்லாம் செம்மண்.

"சொன்னியா?"

"தெளிவாச் சொன்னேன்கா. பொட்டியத் தூக்கி அந்தப் பக்கம் வீசுங்க அண்ணாச்சி, அடுத்த நிமிசமே தெருவுல நிப்பீகன்னேன். 'எங்கப்பன் பொட்டிய நான் எதுக்கு வீசணும், எவனாவது எடுத்துட்டுப் போறதுக்கா'ங்கான். அரிசிய வாங்கிக்கிட்டான்."

"வேற?"

வெள்ளைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தான். "ஒங்களக் கேட்டான். இன்னும் பத்து நாள்ல வந்துருவால்லன்னு."

உலகம்மாள் சக்கரத்தில் நூல் முனையைக் கட்டினாள். "பொட்டி பூட்டியா இருக்கு?"

"பூட்டித்தான் இருக்கு. சாவி இடுப்புல."

"வீடு?"

"வீடு தொறந்து கெடக்குக்கா" என்றான் வெள்ளைச்சாமி. "அங்கன யாரு வரப்போறா?"

அன்று எண்பது சுற்று எண்ணி முடிக்க உலகம்மாளுக்கு மூன்று தடவை ஆனது.